ஒரே ஒரு ரம் பாட்டில்: வீட்டில் முதலில் எந்தக் காக்டெய்ல்?

வெப்பமண்டலக் காக்டெய்ல்களை வீட்டில் கலந்து பார்க்க நினைப்பவர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போய்விடுகிறார். புதினா எளிதில் கிடைக்கிறதே என்று மொஹிட்டோவில் தொடங்குகிறார். அல்லது குட்டிக் குடையும் அன்னாசித் துண்டும் செருகிய உயரக் கோப்பைக்கு ஆசைப்பட்டு, ஐந்தாறு பாட்டில்களுக்குப் பட்டியல் போடுகிறார். இரண்டுமே முதல் படிக்கு ஏற்றவை அல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பாட்டில் ரம், எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், வீட்டில் இருக்கும் மிக்ஸி. இவ்வளவோடு தொடங்குகிறவர் முன்னால் ஐந்து பானங்களை வைத்துப் பார்க்கலாம். கியூபாவின் டைகிரி, அதே கியூபாவின் மொஹிட்டோ, பிரேசிலின் கைபிரின்யா, புவேர்ட்டோ ரிக்கோவின் பினா கொலாடா, கலிஃபோர்னியாவில் பிறந்த மை தாய். சுவை என்று பார்த்தால் ஐந்தும் நல்லவைதான். வீட்டில் கலக்கும்போது வேறு கேள்விகள் முன்னே வந்து நிற்கும். எத்தனை பாட்டில் வாங்க வேண்டும்? விருந்தாளிகள் வந்த பிறகும் எவ்வளவு நேரம் அடுக்களையில் நிற்க வேண்டும்? அளவு கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்? மது தொடாதவர் கையில் எதைக் கொடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரிருவருக்கு என்றால் டைகிரி. ஆறேழு பேர் கூடுகிறார்கள் என்றால் பினா கொலாடா. மற்ற மூன்றும் அதற்குப் பிறகுதான்.

காரணம் இந்தப் பானங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. கரும்பு விளையும் மண்ணில் சர்க்கரை காய்ச்சினால் கழிவுப்பாகு மிஞ்சும். அந்தப் பாகைப் புளிக்க வைத்து வடித்தால் ரம். எலுமிச்சையும் அதே வெயிலில் காய்க்கும். ஆக மதுவும் இனிப்பும் புளிப்பும் ஒரே ஊரில் கைக்கு வந்துவிட்டன. கரீபியன் தீவுகளுக்கும் முந்திய கதை ஒன்றும் இதில் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைகளுக்கு வந்த ஆங்கிலேய வணிகர்களும் மாலுமிகளும் உள்ளூர்ச் சாராயத்தில் எலுமிச்சையும் சர்க்கரையும் நீரும் வாசனைப் பொருளும் சேர்த்துக் குடித்த பானம்தான் பஞ்ச். அது கப்பலேறி மேற்கே போனது. தீவுகளில் சாராயத்தின் இடத்துக்கு ரம் வந்தது. பார்படாஸில் இதற்கு ஒரு பழைய கணக்குப் பாட்டே இருக்கிறது: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, மது மூன்று, நீர் நான்கு. இன்றைய வெப்பமண்டலக் காக்டெய்ல் எதை எடுத்தாலும் அதற்குள் இந்தக் கணக்கின் ஏதோ ஒரு வடிவம் ஓடிக்கொண்டிருக்கும். அது மிகத் தெளிவாகத் தெரிவது டைகிரியில். அதனால்தான் அதை முதலில் வைக்கிறேன்.

டைகிரி: மறைக்க இடமில்லாத கோப்பை

கியூபாவின் தென்கிழக்கே, சாண்டியாகோ நகருக்கு அருகில், டைகிரி என்ற கடலோரச் சிற்றூர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரோடுதான் இந்தப் பானம் பேசப்படுகிறது. ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்றையும் அவருக்கு முன்னால் யாரும் கலக்கவில்லை என்று நான் நம்பவில்லை. அந்தத் தீவில் அது தானாகவே நடந்திருக்கும். பின்னாளில் ஹவானாவின் எல் ஃப்ளோரிடிட்டா மதுக்கூடத்தில் கான்ஸ்டாண்டினோ ரிபலைகுவா இதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தார். ஐஸைத் தூளாக்கிச் சேர்த்தார், செர்ரி மதுவின் சில சொட்டுகள் விட்டார். அங்கே வாடிக்கையாக வந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேக்குச் சர்க்கரை இல்லாமல், ரம் இரட்டிப்பாக ஊற்றிக் கொடுத்த வகையும் இன்றுவரை அவர் பெயரால் வழங்குகிறது.

வீட்டுக்கு இந்த அளவு: வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 25 மி.லி., சர்க்கரைப் பாகு 20 மி.லி. பாகு என்றால் கம்பிப் பதம் எதுவும் வேண்டாம். சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, கரையும்வரை இளஞ்சூட்டில் கலக்கி ஆறவிட்டால் போதும். மூடி இறுக்கமாக உள்ள எந்த எஃகு டப்பாவும் ஷேக்கர் வேலை செய்யும். ஐஸ் நிறையப் போட்டு, பத்துப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்கி, டீ வடிகட்டி வழியாகக் குளிர வைத்த சின்னக் கோப்பையில் வடித்துவிட வேண்டும். டப்பாவின் வெளிப்புறம் பனி பூத்துக் கை மரத்துப் போனால் குலுக்கல் சரி.

குலுக்குவதைக் குளிர வைக்கும் வேலையாக மட்டும் எண்ணக் கூடாது. உருகும் ஐஸ்தான் பஞ்ச் கணக்கில் சொன்ன அந்த நீர்ப் பங்கு. கடைசியில் கோப்பைக்கு வருவதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உருகிய நீர்தான். ஐஸை மிச்சப்படுத்தி நாலு கட்டி போட்டால் அவை சீக்கிரமே உருகித் தண்ணீராகிவிடும், பானமும் போதிய அளவு குளிராது. டப்பா நிறைய ஐஸ் போட்டால்தான் நீர் குறைவாகவும் குளிர் அதிகமாகவும் கிடைக்கும். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுதான் நடக்கிறது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இந்தப் பானத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. நம் சந்தையில் கிடைக்கும் சின்ன, மெல்லிய தோல் உள்ள, விதை நிறைந்த எலுமிச்சை, கரீபியனில் காலங்காலமாகப் பயன்படுத்தப்பட்ட அதே இனம். மேல்நாட்டு அங்காடிகளில் கிடைக்கும் பெரிய, விதையில்லாத பச்சை எலுமிச்சை வேறு வகை. டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் தமிழர் கைக்கு வருவது அதுதான். நம்முடையது மணத்தில் கூர்மையானது, புளிப்பும் ஒரு பிடி அதிகம். அதனால் நாட்டு எலுமிச்சைக்குப் பாகு 20 மி.லி. வைத்தால், பெரிய வகைக்கு 15 மி.லி.யிலிருந்து தொடங்கிச் சுவைத்துப் பார்க்கலாம். எதுவானாலும் பழத்தை எண்ணிக் கணக்கிடாமல் சாற்றை அளந்தே ஊற்றுங்கள். ஒரே குவியலில் எடுத்த இரண்டு பழங்களே ஒரே அளவு சாறு தருவதில்லை. பாட்டிலில் அடைத்து விற்கும் எலுமிச்சைச் சாற்றை இங்கே நினைக்கவே வேண்டாம். மூன்றே பொருள் உள்ள பானத்தில் ஒன்று பழசாகிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

டைகிரியின் குறை என்று சொல்வதானால், அது பிழையை மன்னிக்காது. சாறு அரை ஸ்பூன் கூடினால் பல் கூசும். பாகு கூடினால் சர்பத் ஆகிவிடும். ரம் மட்டமானதாக இருந்தால் அதன் நெடி நேராக மூக்கில் ஏறும். ஆனால் தொடங்குகிறவருக்கு இந்தக் குறையே துணை. என்ன தவறு என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடுகிறது, அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பூன் பாகோ சில சொட்டுச் சாறோ போதும். புளிப்பும் இனிப்பும் எந்த இடத்தில் சமமாகின்றன என்று நாக்கு ஒருமுறை கற்றுக்கொண்டால், அன்னாசியும் தேங்காயும் பாதாமும் சேர்ந்த பெரிய பானங்களிலும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

மொஹிட்டோ: எளிதாகத் தெரிவது

கியூபாவின் இன்னொரு பிள்ளை. ரம் 45, சாறு 20, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, புதினா, மேலே சோடா. பொருள்கள் எல்லாமே தெரு முனைக் கடையில் இருக்கின்றன. பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்?

புதினாதான் காரணம். இலையின் மணம் அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. மெல்ல அழுத்தினாலே அது வெளியே வந்துவிடும். துவையலுக்கு அரைப்பது போல் இடித்தால் இலை கிழிந்து, பச்சை வாடையும் கசப்பும் இறங்கும். கிழிந்த துணுக்குகள் பல்லிலும் ஸ்ட்ராவிலும் மாட்டும். பெரும்பாலானோர் இடித்துத்தான் தொடங்குகிறார்கள். சர்க்கரையையும் சாற்றையும் முதலில் கரைத்துவிட்டு, இலைகளைக் காம்போடு போட்டு, கரண்டியின் பின்புறத்தால் நான்கைந்து முறை அமுக்கினால் போதும். கியூபாவில் இதற்கு இடும் புதினா வகை மென்மையான மணம் கொண்டது. நம் சந்தைக் கட்டு அதைவிட வீரியமானது, அதனால் சமையல் குறிப்பில் உள்ளதைவிட ஓரிரண்டு கொத்து குறைத்தே போடலாம்.

இன்னொரு சிக்கல், ஒவ்வொரு கோப்பையையும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும். ஆறு பேருக்கு மொஹிட்டோ போட ஒப்புக்கொண்டவர் அன்று மாலை நண்பர்களோடு உட்கார்ந்து பேசப் போவதில்லை. மொத்தமாகக் குடுவையில் கலந்து வைத்தால் சோடாவின் குமிழ் போய்விடும், புதினா கறுத்துவிடும்.

மொஹிட்டோவுக்கு ஒரு நல்ல இடம் உண்டு. மதிய வெயிலில், ஒருவரோ இருவரோ நிதானமாகக் குடிக்க, அளவில் நீளமான, வீரியத்தில் குறைந்த பானம் வேண்டுமென்றால் இதற்கு இணை குறைவு. ரம் இல்லாமல் கலந்தாலும் புதினா எலுமிச்சைச் சோடாவாகத் தன் காலில் நிற்கும்.

கைபிரின்யா பற்றி ஒரு பத்தி

பிரேசிலின் இந்தப் பானம் கேட்பது கஷாசா. கழிவுப்பாகிலிருந்து வராமல் பச்சைக் கரும்புச் சாற்றிலிருந்தே வடிக்கும் மது அது. அந்தப் புல் மணமும் கரும்பு மணமும்தான் கைபிரின்யாவின் உயிர். கஷாசா கிடைக்கும் ஊரில் இருந்தால், ஐந்தில் மிகக் குறைந்த கருவி கேட்பது இதுதான். ஒரு எலுமிச்சையை நடுவில் உள்ள வெள்ளை நரம்பை நீக்கித் துண்டுகளாக்கி, தடித்த டம்ளரில் இரண்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரையோடு அழுத்தி, 60 மி.லி. கஷாசாவும் ஐஸும் சேர்த்துக் கலக்கினால் முடிந்தது. தோலில் உள்ள எண்ணெய் இறங்குவதால் டைகிரியில் இல்லாத ஒரு மணம் இதில் இருக்கும். தோல் ஊற ஊறக் கசப்பும் ஏறும், அதனால் ஆறப்போட்டுக் குடிக்கக் கூடாது. கஷாசா கிடைக்காமல் ரம் ஊற்றிச் செய்வதை பிரேசிலிலேயே கைபிரீஸ்ஸிமா என்று தனிப் பெயரிட்டுச் சொல்கிறார்கள். குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் கையில் இருப்பது வெள்ளை ரம் என்றால் டைகிரிக்கே அது பொருந்தும்.

பினா கொலாடா: கூட்டத்துக்கு இதுதான்

புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் கரீபே ஹில்டன் ஹோட்டலின் ரமோன் மர்ரேரோ 1954-இல் இதைக் கலந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பழைய சான் ஹுவானில் உள்ள பர்ராச்சினா உணவகம், இல்லை, 1963-இல் எங்கள் இடத்தில்தான் பிறந்தது என்று சுவரில் பலகையே பதித்திருக்கிறது. வழக்கு எப்படியிருந்தாலும், 1978-இல் புவேர்ட்டோ ரிக்கோ இதைத் தன் அதிகாரபூர்வ பானமாக அறிவித்தது. இந்தப் பானத்தைச் சாத்தியமாக்கியது ஒரு டப்பா: ரமோன் லோபெஸ் இரிஸாரி அதே தீவில் உருவாக்கிய கோகோ லோபெஸ் என்ற இனிப்புத் தேங்காய்க் கிரீம். தேங்காய் துருவிப் பிழியும் உழைப்பை அது மதுக்கூடத்திலிருந்து அகற்றியது.

இந்த உழைப்பு நமக்குப் புதிதா என்ன? தேங்காய்ப்பால் பிழியத் தெரிந்த வீட்டில் இந்தக் கிரீம் அரைமணி வேலை. ஒரு நல்ல முற்றிய தேங்காயின் முதல் பால், தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்தது, 200 மி.லி. அதே எடைக்குச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. கொதிக்க விட்டால் திரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை கரையும் அளவுக்குச் சூடு காட்டி இறக்கி ஆற வைத்துவிட வேண்டும். பெட்டியில் அடைத்த தேங்காய்ப்பால் என்றாலும் சரி, கெட்டியானதாகப் பார்த்து வாங்கி இதே கணக்கில் செய்யலாம். கடையில் டப்பா வாங்குகிறவர்கள் லேபிளில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழம்புக்கு ஊற்றும் இனிப்பில்லாத கிரீமும் இதுவும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் பானம் சப்பென்று ஆகிவிடும்.

நான்கு பேருக்கு: ரம் 200 மி.லி., அன்னாசிச் சாறு 200, மேலே சொன்ன கிரீம் 150, எலுமிச்சைச் சாறு 30. கடைசியில் சொன்னது பழைய குறிப்புகள் பலவற்றில் இருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் பானம் பாயசம் மாதிரி தித்தித்துப் படுத்துவிடும். டைகிரியில் கற்றுக்கொண்ட நாக்கு இதைத் தானே கேட்டு வாங்கும்.

மிக்ஸியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுக்கூடத்து பிளெண்டர் முழு ஐஸ் கட்டிகளை அடித்து நொறுக்கும். நம் மிக்ஸியின் சட்னி ஜாருக்கு அது ஆகாது. ஐஸைத் துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் அடித்துப் பொடியாக்கிப் போடுங்கள். அதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. அன்னாசியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டால், அந்தத் துண்டுகளே பாதி ஐஸின் வேலையைச் செய்யும். நீர்த்துப் போகாமல் குளிரும் கிடைக்கும், பழச் சுவையும் இரட்டிப்பாகும். அப்போது சாற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதை மார்கழியில் பாட்டிலில் பார்த்திருப்போம். அதே கொழுப்புதான் இந்தக் கிரீமிலும் இருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் அப்படியே ஷேக்கரில் போட்டால் குட்டிக் குட்டிக் கட்டியாக மிதக்கும். கிரீமைச் சற்று வெளியில் வைத்துத் தளர விட்டு, முதலில் ரம்மும் சாறும் சேர்த்து மிக்ஸியில் ஓட்டி, பிறகு ஐஸைப் போட்டால் வழுவழுப்பாக வரும். இதற்காகவே பினா கொலாடாவைக் குலுக்குவதைவிட அரைப்பதை நான் விரும்புகிறேன். பாலாடையோ கண்டென்ஸ்டு மில்க்கோ சேர்க்கச் சொல்லும் குறிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். பச்சை அன்னாசியில் உள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்து, வைக்க வைக்கக் கசப்பேற்றும்.

இந்தப் பானம் பிழையைத் தாங்கும். ரம் பத்து மி.லி. கூடினாலும் குறைந்தாலும் தேங்காய் மூடிக்கொள்ளும். ரம் சுமாரானதாக இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. விருந்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஜாரில் அளந்து வைத்துவிட்டு, வந்தவர்கள் உட்கார்ந்ததும் ஐஸ் சேர்த்து ஒரு சுற்று ஓட்டினால் நான்கு கோப்பை தயார். ரம்மை விட்டுவிட்டுச் செய்தாலும் முழுமையான பானமாகவே இருக்கிறது என்பது இதன் பெரிய பலம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வண்டி ஓட்டுபவர், மதுவே வேண்டாம் என்பவர் எல்லோரும் அதே கோப்பையை அதே அழகோடு கையில் வைத்திருக்கலாம். டைகிரியில் ரம்மை எடுத்தால் மிஞ்சுவது எலுமிச்சைச் சாறுதான். ரம் இல்லாததை முதலில் அரைத்து ஊற்றிவிட்டு, பிறகு ரம் சேர்த்ததை அரைப்பது நல்ல பழக்கம், ஜார் மாறிப்போகும் கவலை இராது.

குறைகளும் உண்டு. கனமான பானம், இரண்டாவது கோப்பைக்கு வயிறு இடம் கொடுக்காது. சாப்பாட்டுக்கு முன் குடித்தால் பசி போய்விடும். ஒருவருக்காக மட்டும் தேங்காய் பிழிந்து மிக்ஸியை எடுத்துக் கழுவுவது வீண் வேலை.

மை தாய்: இப்போது வேண்டாம், ஆனால் மறக்க வேண்டாம்

1944-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில், ட்ரேடர் விக் என்று அறியப்பட்ட விக்டர் பெர்ஜெரான், 17 ஆண்டு பழமையான ஜமைக்கா ரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அருமையைக் காட்டக் கலந்த பானம் இது. ஹாலிவுட்டில் அவருக்கு முன்பே தென்பசிபிக் தீவுகளின் பாணியில் மதுக்கூடம் நடத்திய டான் பீச்சும் இது தன்னுடையதே என்று உரிமை கோரினார். பெர்ஜெரானின் மூலக் குறிப்பில் அன்னாசிச் சாறே கிடையாது. அது பின்னால், 1950களில் ஹவாயின் ஹோட்டல்கள் வழியாக ஒட்டிக்கொண்டது. சிவப்பும் ஆரஞ்சுமாக அடுக்கி, இனிப்பு மிகுந்து, மை தாய் என்ற பெயரில் பல இடங்களில் வைக்கப்படுவது மூலப் பானத்துக்குத் தூரத்து உறவுகூட இல்லை. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் உண்மையான மை தாய் இந்த ஐந்தில் மிக ஆழமானது.

அமைப்பைப் பாருங்கள்: நல்ல பழைய ரம் 60, எலுமிச்சைச் சாறு 25, குராசோ என்னும் இனிப்பான ஆரஞ்சு மது 15, ஓர்ஜா என்னும் பாதாம் பாகு 15, சர்க்கரைப் பாகு ஒரு ஸ்பூன். டைகிரிதான் இது. இனிப்பின் இடத்தைப் பாதாமும் ஆரஞ்சும் பங்கு போட்டுக்கொள்கின்றன, அவ்வளவே. ஆனால் வெள்ளை ரம் இங்கே எடுபடாது, மரப்பீப்பாயில் இருந்த ரம் வேண்டும். குராசோ இன்னொரு பாட்டில். ஆக முதல் நாளே செலவு இரண்டு மூன்று மடங்காகிறது.

ஓர்ஜாவை மட்டும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஊற வைத்துத் தோலுரித்த பாதாமைத் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து, அந்தப் பாலின் எடைக்குச் சர்க்கரை சேர்த்து மெல்லிய சூட்டில் கரைத்து, கடைசியில் ஆரஞ்சுப் பூ நீர் சில சொட்டு. அது இல்லையென்றால் பன்னீர் ஓரிரு சொட்டு, கூடினால் கல்யாணப் பந்தல் வாசம் வந்துவிடும். ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும், மேலே ஏடு பிரிந்தால் குலுக்கிவிட்டு ஊற்றலாம். கடையில் விற்கும் பாதாம் பால் பொடியும் ஏலக்காய் வாசனைப் பாகும் இதற்கு மாற்றாகாது.

நம் பக்கத்து நாடுகளில் பிறந்த இரண்டு பானங்களையும் இங்கே சொல்லிவிடலாம். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஙியாம் தோங் பூன் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங்குக்கு ஜின், செர்ரி மது, பெனடிக்டீன் என்னும் மூலிகை மது, ஆரஞ்சு மது என்று ஒரு அலமாரியே வேண்டும். வீட்டில் தொடங்குகிறவருக்கு அது ஆகாத காரியம், அந்த ஹோட்டலுக்கே போய்க் குடிப்பது மலிவு. கோலாலம்பூர் ஹில்டனில் 1970களில் பிறந்த ஜங்கிள் பேர்ட் அப்படியல்ல. கருப்பு ரம் 45, கம்பாரி என்னும் கசப்பு மது 20, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சை 15, பாகு 15. ரம்மோடு கம்பாரி என்ற ஒரே கூடுதல் பாட்டில். அன்னாசியின் இனிப்பும் கம்பாரியின் கசப்பும் சேரும் இடம் பாகற்காயில் வெல்லம் போடுகிற நாக்குக்கு உடனே பிடிபடும்.

எந்த ரம், எவ்வளவு

ஒரே பாட்டில் என்றால் வெள்ளை ரம். டைகிரிக்கும் மொஹிட்டோவுக்கும் அதுதான், பினா கொலாடாவுக்கும் குறையில்லை. வீட்டில் ஏற்கனவே ஓல்டு மங்க் இருக்கிறது, அதையே வைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்கள் நிறைய. அதுவும் பினா கொலாடாவைப் போல 1954-இல் வந்ததுதான், இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகும். அதன் வனிலா மணமும் கருகிய சர்க்கரை மணமும் தேங்காய்க்கும் அன்னாசிக்கும் இசைந்தவை. டைகிரியில் அந்த மணம் எலுமிச்சையை மூடிவிடும், அங்கே நான் அதை ஊற்ற மாட்டேன். இலங்கையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. தென்னம்பாளையின் கள்ளிலிருந்து வடிக்கும் தென்னஞ்சாராயத்தை ரம்முக்குப் பதிலாக டைகிரி அளவில் கலந்தால், பஞ்ச் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒரு கோப்பை கிடைக்கும். வாசனையேற்றாத, நன்கு பழகிய சாராயமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

வீரியத்தையும் ஒப்பிட்டாக வேண்டும், ஏனென்றால் இனிப்பும் குளிரும் அதை மறைத்துவிடும். இந்தியாவில் விற்கும் ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். அதில் 60 மி.லி. ஊற்றிய டைகிரியில் ஏறக்குறைய 20 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. பத்து கிராமை ஓர் அளவாக எண்ணும் கணக்கில் இது இரண்டு. மொஹிட்டோவில் ஒன்றரை, பினா கொலாடாவில் ஒன்றே முக்கால் போல. மை தாயில் குராசோவும் சேர்வதால் இரண்டரையை எட்டும். டைகிரி சின்னக் கோப்பை, மூன்று மடக்கில் போய்விடும். எனவே ஒரு மாலைக்கு இரண்டுக்கு மேல் ஊற்றாமல் இருப்பதும், பக்கத்தில் தண்ணீர்க் குடுவை வைப்பதும், விருந்தாளி எப்படி வீடு திரும்புவார் என்பதை முதல் கோப்பைக்கு முன்பே பேசி முடிப்பதும் கலக்குகிறவரின் பொறுப்பு. அளவுக் கிண்ணம் இல்லாமல் கண் மதிப்பில் ஊற்றினால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. முதலில் வாங்க வேண்டிய கருவி ஷேக்கர் அல்ல, அந்தக் கிண்ணம். மருந்துக் குப்பியோடு வரும் மி.லி. கோடு போட்ட மூடியைக் கழுவி வைத்துக்கொண்டாலும் போதும்.

முதல் பாட்டில் தீரும் நேரத்தில் டைகிரி கைக்கு வந்திருக்கும், பினா கொலாடாவைக் குறைந்தது ஒரு கூட்டமாவது பாராட்டியிருக்கும். இரண்டாவது பாட்டிலாக மறுபடி வெள்ளை ரம் வாங்காமல், ஜமைக்காவின் ஆப்பிள்டன் போலப் பீப்பாயில் பழகிய ரம் ஒன்றை வாங்குங்கள். அதை முதலில் டைகிரியிலேயே ஊற்றிப் பார்த்தால் ரம் மாறும்போது என்னென்ன மாறுகிறது என்று தெரியும். குராசோவுக்குச் செலவு செய்யலாமா என்ற முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம். எலுமிச்சையும் பாதாமும் எப்படியும் வீட்டில் இருக்கும்.